வட்டக் கதவும் பித்தளைப் பிடியும்: கொழும்பில் ஏழு நாள்

முதல் நாள், வெள்ளவத்தை

காலையில் யாழ்ப்பாணத்தில் ரயில் ஏறி, கொழும்புக் கோட்டையில் இறங்கி, பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தேன். அக்கா வீடு நான்காம் மாடியில். குசினி யன்னலைத் திறந்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு கை அகலத்துக்குக் கடல் தெரியும். கரையோர ரயில் போகும்போது அந்த ஒரு கை அகலமும் மறைந்து திரும்பி வரும்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பாடசாலையில் சித்திரம் படிப்பிக்கிறேன். இந்தத் தவணை பிள்ளைகள் விக்கிரமாதித்தன் கதை ஒன்றை நாடகமாகப் போடுகிறார்கள். மேடை என் பொறுப்பு. பாதாள லோகத்துக்குப் போகும் கதவு ஒன்று செய்ய வேண்டும். அதற்குப் புறக்கோட்டையில் சாமான் வாங்க வேண்டும், வெசாக் பண்டிகைக்குத் தெருவில் கட்டி எழுப்பும் விளக்குத் தோரணங்களைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். வெசாக் விடுமுறையோடு நான்கு நாள் லீவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. கதைப் புத்தகங்களிலிருந்து எடுத்த மாயாஜாலப் படங்கள் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். அவற்றில் நான் பார்ப்பது வீடுகளையும் சுவர்களையும் படிக்கட்டுகளையும்தான். யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பது இரண்டு மாதத்தில் மறந்துவிடும். ஒரு யன்னல் எங்கே இருந்தது என்பது இருபது வருடம் போனாலும் நினைவிருக்கும்.

இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு முடிய, பெறாமகன் லோர்ட் ஒவ் த ரிங்ஸ் முதல் பாகத்தைப் போட்டான். பன்னிரண்டு வயது. இதுவரை பார்க்காமல் எனக்காகவே வைத்திருந்தானாம். ஹொபிட்டுகள் என்ற சின்ன உருவ மனிதர்களின் ஊர் வந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி:

"சித்தி, பிடி கதவின்ரை நட்டநடுவிலை இருக்கு. அப்பிடி இருந்தா லேசாத் திறக்கேலாதே!"

பிணைச்சலுக்குத் தூரத்தில் பிடி இருந்தால்தான் கதவு லேசாகத் திறக்கும், நடுவில் வைத்தால் இரண்டு மடங்கு பலம் வேண்டும் என்று விஞ்ஞான பாடத்தில் படித்திருக்கிறான். கேள்வி சரிதான். ஆனால் டோல்கின் 1937இல் வந்த தன் முதல் ஹொபிட் கதையின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்: கப்பல் யன்னல் போல வட்டமான பச்சைக் கதவு, நட்டநடுவில் மஞ்சள் பித்தளைப் பிடி. படம் எடுத்தவர்கள் அதை மாற்றாமல் அப்படியே செய்தார்கள். அந்தக் கதவைக் கண்டவுடனேயே உள்ளே இருக்கிற ஆளைப் பற்றி ஒன்று தெரிந்துவிடுகிறது. வசதியைவிட வடிவை விரும்புகிறவர், அவசரம் இல்லாதவர். வசனம் ஒன்றும் தேவைப்படவில்லை.

அந்த ஊர் கட்டப்பட்ட இடம் நியூசிலாந்தில் மாட்டமாட்டாவுக்குப் பக்கத்து ஆட்டுப் பண்ணை ஒன்று. 1998இல் இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ஆட்கள் ஆகாயத்திலிருந்து இடம் தேடியபோது கண்ணில் பட்டது. ரோட்டுப் போட்டுக் கொடுத்தது அந்த நாட்டு இராணுவம். படப்பிடிப்புக்கு ஒரு வருடம் முன்பே பூச்செடிகளையும் மரக்கறியையும் நட்டு, அவை தங்கள்பாட்டில் வளர்ந்து படர விட்டுவிட்டார்கள். அந்தப் பச்சைக் கதவுக்காரர் பில்போவின் வீட்டுக்கு மேலே நிற்கும் ஓக் மரம் வேறிடத்தில் வெட்டிக் கொண்டுவந்து திரும்பப் பொருத்தியது. இலைகள் தாய்வானில் செய்த செயற்கை இலைகள், மரத்தில் கம்பியால் கட்டியவை.

இதைவிட எனக்குப் பிடித்தது அங்கே போய் வருகிறவர்கள் வழமையாகச் சொல்லும் ஒரு கதை. வீட்டு வாசலிலிருந்து உடுப்புக் காயப்போடும் கொடி வரைக்கும் புல்லில் ஒற்றையடிப் பாதை விழ வேண்டும் என்பதற்காக, ஒருவரை நாள்தோறும் போய்வர நடக்க வைத்தார்களாம். இதைச் சொன்னதும் பெறாமகன் படத்தை நிறுத்திவிட்டான்.

"சும்மா நடக்கிறதுக்குச் சம்பளமோ?"

"ஓம். பாதை தேயுமட்டும்."

அன்றிரவு அவன் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள், புறக்கோட்டை

சாக்குத் துணி, ரெஜிபோம், பசை, பெயின்ட், ஒரு பித்தளைப் பிடி. கையில் இவ்வளவுதான் பட்டியல். புறக்கோட்டையில் ஒரு பட்டியலோடு போனால் மூன்று மணித்தியாலம், பட்டியல் இல்லாமல் போனால் முழு நாள் என்று அத்தான் சொல்லி அனுப்பினார். பட்டியலோடு போன எனக்கே முழு நாளும் போனது.

இரண்டாம் குறுக்குத் தெருவில் நடக்கும்போது தலைக்கு மேலே செவ்வெள்ளைக் கோடுகளாக எழும்பியது ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசல். படங்களில் ஆயிரம் தரம் பார்த்ததுதான். ஆனாலும் தள்ளுவண்டிக்கும் துணி மூட்டைக்கும் நடுவே நின்று நிமிர்ந்து பார்க்கும்போது வருகிற திகைப்பு எந்தப் படத்திலும் கிடைக்காது. 1909இல் கட்டி முடிந்தது. வரைந்தவர் சைபோ லெப்பை, கட்டடக்கலை படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை. கவிகைமாடங்கள் மாதுளம்பழ வடிவம். கீழ்த்தளத்துக் கற்களின் கோடு ஒரு மாதிரி, தூண்களில் முறுக்கு ஒரு மாதிரி, மேலே சதுரங்கக் கட்டம் ஒரு மாதிரி. இவ்வளவும் ஒரே கட்டடத்தில் சண்டை போடாமல் இருக்கின்றன. ஒரு மாயாஜாலப் படத்துக்கு யாராவது இதை வரைந்து கொண்டுபோனால், கொஞ்சம் குறையுங்கள் என்றுதான் தயாரிப்பாளர் சொல்வார். சைபோ லெப்பைக்கு யாரும் அப்படிச் சொல்லாமல் விட்டது நம் அதிர்ஷ்டம்.

பெயின்ட் கடையில் மஞ்சள் கேட்டேன். கடைக்காரர் நான்கு டின்னின் மூடியைத் திறந்து வைத்தார். நான் ஒன்றைத் தொட்டதும், "இங்க பாக்காதீங்க தங்கச்சி, வெளிய கொண்டுபோய் வெயில்ல பாருங்க. உள்ள லைட்டுக்கு இது வேற நிறம்" என்றார். உண்மைதான். குழல் விளக்கின் கீழ் எலுமிச்சம்பழம் போல இருந்தது வெயிலில் மாம்பழமாகிவிட்டது.

நான் உடனே நினைத்தது 1939இல் வந்த விசர்ட் ஒவ் ஒஸ் படத்தை. அதில் வரும் மஞ்சள் செங்கல் பாதையைப் பரீட்சித்துப் படம் பிடித்தபோது டெக்னிக்கலரில் பச்சையாக விழுந்ததாம். மஞ்சளாகத் தெரியும் மஞ்சளைத் தேடித் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. புத்தகத்தில் கதாநாயகி டொரதியின் காலணி வெள்ளி. வர்ணத்தில் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று படத்தில் மாணிக்கச் சிவப்பாக்கினார்கள். புத்தகத்தில் உள்ளதை மாற்றினால் எனக்குப் பொதுவாகக் கோபம் வரும், இந்த மாற்றத்துக்கு மட்டும் வருவதில்லை. நம் பாடசாலை மேடையில் இரவு விளக்குத்தான். ஆகவே நான் வெயிலில் பார்த்தும் வாங்கவில்லை. கைப்பேசி விளக்கை மஞ்சள் தாளால் மூடி, அதன் கீழ் பிடித்துப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் பொறுமையாக நின்றார்.

பித்தளைப் பிடி கிடைத்தது ஓர் இரும்புக் கடையில். அந்தக் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான்கடி அகலம் இருக்கும், உள்ளே போகப் போக முடியாத நீளம். இரண்டு சுவரிலும் தரையிலிருந்து கூரைவரை மர லாச்சிகள். ஒவ்வொரு லாச்சியின் முகப்பிலும் உள்ளே இருக்கும் சாமானில் ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள்: ஒரு கொளுக்கி, ஒரு பிணைச்சல், ஒரு சாவித்துளைத் தகடு. எழுத்து ஒன்றும் இல்லை. எந்த மொழிக்காரர் வந்தாலும் கை நீட்டிக் காட்டினால் போதும். மேல் லாச்சிகளுக்கு ஏறும் ஏணியின் நடுப்படி மட்டும் வளைந்து, கறுத்து, எண்ணெய் பூசியது போல மினுங்கியது.

ஹரி பொட்டர் முதல் படத்தில் மந்திரக்கோல் கடை வரும். கூரைவரை பெட்டிகள். 17,000 பெட்டி, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக லேபிள் ஒட்டியது. மந்திரப் பாடசாலை அதிபர் டம்பிள்டோரின் அறையில் உள்ள புத்தகங்கள் பல, பழைய தொலைபேசி விபரக்கொத்துக்குத் தோல் அட்டை போட்டவை. எட்டுப் படங்களுக்கும் கலை வடிவமைப்பாளர் ஸ்டூவர்ட் கிரெய்க். அறைகளை நிரப்பியவர் ஸ்டெபனி மக்மில்லன். அந்தக் கடைக் காட்சியை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அது நம்பும்படியாக இருப்பதற்குக் காரணம், பெட்டிகள் நேராக அடுக்கப்படவில்லை. எடுத்து எடுத்துத் திரும்ப வைத்த கோணல் அதில் இருக்கிறது. இன்று அந்த ஏணிப்படியைக் கண்டபோது மக்மில்லனைத்தான் நினைத்தேன். அவர் கண்டிருந்தால் ஏணியோடு வாங்கிக்கொண்டு போயிருப்பார்.

பிடி புத்தம் புதியது. கண்ணைக் கூசுகிறது. அதுதான் குறை.

மூன்றாம் நாள், கொட்டாஞ்சேனை

அக்காவோடு பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போனேன். 19ஆம் நூற்றாண்டில் பொன்னம்பல முதலியார் கட்டியதை அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். வெளியே ரோட்டுச் சத்தம், லொறி, வெயில். உள்ளே காலை வைத்ததும் எல்லாம் அடங்கிவிடும். சாயம் பூசாத கல், வரிசையாகத் தூண்கள், எண்ணெய் விளக்கு. கும்பிட வந்த இடத்தில் வேறு எதையும் நினைக்கக் கூடாது என்று பார்த்தேன். ஆனால் வெறுங்காலில் கல்லின் குளிர் ஏறும்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஹரி பொட்டர் படிக்கும் பாடசாலையான ஹொக்வார்ட்ஸின் பெரிய மண்டபத்துக்கு ஸ்டூவர்ட் கிரெய்க் நிஜக் கல்லைப் போட்டார். யோர்க் பகுதிக் கல். படத்தில் தரை எத்தனை விநாடி தெரியப்போகிறது? மரப்பலகையில் கல் போலச் சாயம் அடித்திருந்தால் செலவு மிச்சம். ஆனால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பத்து வருடம் அந்தத் தரையில் நடந்தார்கள். பலகை என்றால் சத்தம் வேறு, பிள்ளைகள் நடக்கிற விதமும் வேறாகிவிடும். கல்லில் நடக்கிறவன் கல்லில் நடக்கிற மாதிரித்தான் நடப்பான். இன்று அக்காவும் நானும் இந்தத் தரையில் மெதுவாக நடந்தது பக்தியால் மட்டும் இல்லை, கல் அப்படி நடக்க வைக்கிறது.

அதே மண்டபத்தில் அந்தரத்தில் மிதக்கும் மெழுகுதிரிகளை முதலில் உண்மையாகவே கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். சுடரின் சூட்டில் கம்பி அறுந்தது. பிறகுதான் கணினியில் வரைந்தார்கள். முதலில் கையால் முயன்று பார்த்தார்கள் என்பதே எனக்குப் போதும். தாழ்வாரக் காட்சிகளுக்கு அவர்கள் போனது குளோஸ்டர் பேராலயத்துக்கு. அங்கே விசிறி விரித்தது போன்ற கல் விதானம், பல நூற்றாண்டுப் பழையது. அந்த மாதிரி ஒன்றைக் கட்டுவதைவிடக் கேட்டு வாங்கி எடுப்பதுதான் புத்தி.

திரும்பும் வழியில் அக்கா கேட்டாள்: "பாதாள லோகத்துக்கு நீ எந்தக் கல்லைப் போடப்போறாய்?"

ரெஜிபோமில் வெட்டி, மேலே சாக்குத் துணி ஒட்டி, சாயம் அடிக்கத்தான் போகிறேன். ஆனால் கதவுக்கு முன்னால் இரண்டு முழம் நிலத்துக்கு மட்டும் உண்மையான கல் போட வேண்டும் என்று வரும்போது முடிவு செய்தேன். ராசாவாக வரும் பிள்ளை அதில் கால் வைத்துத்தான் கதவைத் தட்ட வேண்டும்.

நான்காம் நாள், மழை

காலையிலிருந்து கொட்டுகிறது. கீழே ரோட்டில் வெள்ளம். எங்கும் போகவில்லை.

அத்தானின் அம்மாவும் இந்த வீட்டில்தான். மாமிக்கு எண்பதை நெருங்குகிறது. நாங்கள் ஹொபிட்டையும் ஹரி பொட்டரையும் கதைத்துக்கொண்டே இருப்பதைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல், "உதெல்லாம் இப்ப வந்ததுகள். மாயா பஜார் பாத்தனீங்களே?" என்று கேட்டார். பெறாமகன் முழித்தான். சரி என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டோம்.

1957இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த படம். கே. வி. ரெட்டி இயக்கியது, மகாபாரதத்தைச் சுற்றி வளர்ந்த சசிரேகை கல்யாணக் கதை. கலை இயக்கம் கோகலேயும் கலாதரும். துவாரகை நகரம் முழுதாகத் தெரியும் காட்சி வந்தபோது நான் நிறுத்திக் காட்டினேன். ஐம்பதடிக்கு அறுபதடி இடத்தில் முந்நூறு சின்ன வீடுகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மின்விளக்கு இணைத்திருந்தார்கள். கணினி என்ற பேச்சே இல்லாத காலம். தூரத்து வீட்டு யன்னலில் வெளிச்சம் தெரிய வேண்டுமென்றால் அங்கே ஓர் ஆள் குனிந்து வயர் இழுத்திருக்க வேண்டும்.

"முந்நூறுமோ?" என்று பெறாமகன் எண்ணத் தொடங்கினான். நாற்பதுக்கு மேலே எண்ண முடியவில்லை.

'ஆஹா இன்ப நிலாவினிலே' பாட்டு வந்ததும் மாமி மெல்லக் கூடப் பாடினார். தோணி, தண்ணீர், நிலவு. அந்த நிலவொளி ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லியின் கைவேலை என்று சொன்னேன். மாமி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் வேறெங்கோ இருந்தார். யாழ்ப்பாணத்தில் தியேட்டரில், தகப்பனின் மடியில் இருந்து பார்த்தாராம். கடோற்கசன் கல்யாணச் சாப்பாட்டைத் தனியாளாக விழுங்குகிற இடத்தில் சனம் எழும்பி நின்று சிரித்ததாம். "லட்டு தானாப் போய் வாய்க்குள்ள விழுகுது. அதுக்குப் பிறகு எனக்கு லட்டைக் கண்டா வாயைத் திறந்துகொண்டு நிக்கிறது வேலை. அப்பா பேசுவார்."

ரங்காராவின் கடோற்கசனைப் பெறாமகன் இரண்டு தரம் திருப்பிப் போட்டுப் பார்த்தான்.

மழை விடாததால் எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தது. லோர்ட் ஒவ் த ரிங்ஸின் மினாஸ் திரித் நகரத்தை 72இல் ஒரு பங்கு அளவில் மாதிரியாகக் கட்டினார்கள். ஹொக்வார்ட்ஸ் கோட்டை 24இல் ஒரு பங்கு. அதற்குள் 2,500க்கு மேற்பட்ட நுண்ணிழை விளக்குகள். மாயா பஜாரின் துவாரகைக்கும் இவற்றுக்கும் நடுவே நாற்பது வருடத்துக்கு மேலே ஆகிறது, செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனால் செய்த வேலை ஒன்றுதான். உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று காட்ட விளக்குப் போட்டார்கள். அரண்மனையின் உயரத்தைப் பார்த்து நான் வாய் பிளந்தது சின்ன வயதில். இப்போது நான் தேடுவது அந்த விளக்கையும், கொடிக்குப் போகும் ஒற்றையடிப் பாதையையும்.

அதனால்தான் பின்னால் வந்த மூன்று ஹொபிட் படங்களில் எனக்கு மனக்குறை. மாட்டமாட்டாவில் ஊரைத் திரும்ப, இந்தமுறை நிரந்தரமாக, 44 வீட்டோடு கட்டினார்கள். அது அருமை. ஆனால் நிலத்துக்குக் கீழே கொப்ளின்களின் நகரம் வரும்போது பாரமே இல்லை. எல்லாரும் விழுகிறார்கள், ஒருவருக்கும் நோகவில்லை. உயரமான மந்திரவாதி கண்டால்ஃபாக நடித்த இயன் மக்கெல்லன், பச்சைத் திரைக்கு முன்னால் குள்ளர்கள் யாரும் இல்லாமல் தனியே நடிக்க வேண்டிவந்தபோது அழுதுவிட்டதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். முதல் படங்களில் பில்போவின் வீட்டை இரண்டு அளவில் கட்டியிருந்தார்கள், ஹொபிட்டுக்கு ஒன்று, கண்டால்ஃபுக்குச் சின்னதாக ஒன்று. அங்கே அவருக்குக் குனியச் சுவர் இருந்தது, இடிக்க உத்திரம் இருந்தது. நடிகனுக்கே சாய ஒரு சுவர் இல்லையென்றால் பார்க்கிற நாங்கள் எதில் சாய்வது?

ஐந்தாம் நாள், பேர வாவி

மழை விட்டது. காலையில் சீமா மாலக்க. பேர வாவியின் தண்ணீருக்கு மேலே மேடைகள், நீல ஓடு, மரச்சட்டங்களாலான சுவர். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. ஒரு முஸ்லிம் குடும்பம் இறந்துபோன மகனின் நினைவாகப் பணம் கொடுத்துக் கட்டிய பௌத்த தலம் இது. உள்ளே நிற்கிறோமா வெளியே நிற்கிறோமா என்று சொல்ல முடியாத இடம். காற்றும் தண்ணீர் வெளிச்சமும் சட்டங்களுக்கு ஊடாக வந்து போகின்றன.

லோர்ட் ஒவ் த ரிங்ஸில் எல்வ்கள் என்ற தேவகணம் வாழும் ரிவெண்டெல் இப்படித்தான். தூண், கூரை, அவ்வளவுதான், சுவருக்குப் பதில் மரங்கள். அதை வரைந்தவர் ஆலன் லீ. டோல்கினின் நூற்றாண்டுப் பதிப்புக்கு நீர்வர்ண ஓவியங்கள் தீட்டியவரையே படத்துக்கும் கூப்பிட்டார்கள். மூன்றாம் பாகத்துக்குக் கலை இயக்க ஒஸ்கார் கிரான்ட் மேஜர், டான் ஹென்னா இருவரோடு அவருக்கும் கிடைத்தது. புத்தகத்துக்குப் படம் வரைந்தவரையே வீடு கட்டவும் கூப்பிடுவதைப் போல நல்ல வழி வேறில்லை என்று நினைக்கிறேன்.

பிற்பகல் கோட்டைப் பக்கம் நடந்தேன். 2011இல் தீபா மேத்தா 'மிட்நைட்ஸ் சில்ரன்' படத்தை இலங்கையில்தான் எடுத்தார், வேறு பெயர் வைத்து, சத்தமில்லாமல். ருஷ்டியின் நாவல் என்பதால் அவ்வளவு கவனம். ஈரான் ஆட்சேபித்து இடையில் நின்று, பிறகு தொடர்ந்தது. நள்ளிரவில் பிறந்து மாயசக்தி பெற்ற பிள்ளைகளின் கதை, அதில் இந்த நாட்டுச் சுவர்கள் பம்பாயின் வேடம் போட்டன. யோர்க் வீதியின் சிவப்புக் கட்டடங்களுக்குக் கீழே நடக்கும்போது, கொஞ்சம் பெயர்ப்பலகையை மாற்றினால் இது எந்த ஊராகவும் ஆகும் என்று பட்டது.

இரவு வீட்டுக்கு வந்தபோது பெறாமகன் பித்தளைப் பிடியை ஒரு பலகைத் துண்டில் பூட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதை ஒருதரம் திருகிவிட்டுத்தான் போக வேண்டும்.

"தேயவேணும் சித்தி. புதுசா இருந்தா ஒருத்தரும் நம்பாயினம்."

மாமி குளிசை போட எழும்பும்போதெல்லாம் திருகுகிறார்.

ஆறாம் நாள், வெசாக்

இதற்காகத்தான் காத்திருந்தேன். இருட்டியதும் அத்தான், பெறாமகன், நான் மூவரும் பொரளைப் பக்கம் போனோம். தெருவெல்லாம் வெசாக் கூடுகள், இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல்களில் வரிசை. ஒரு தன்சலில் கடலை தந்தார்கள். வாங்கிக்கொண்டு தோரணத்துக்குப் போனோம்.

தூரத்திலிருந்து பார்த்தால் வானத்தில் ஒரு வெளிச்ச மலை. நடுவில் புத்தர், சுற்றிவர புத்தரின் முற்பிறப்பைச் சொல்லும் ஜாதகக் கதையின் காட்சிகள் பலகை பலகையாக. ஒலிபெருக்கியில் கதையைப் பாட்டாகச் சொல்லுகிறார்கள். வர்ண விளக்குகள் வட்டம் வட்டமாக ஓடி, விரிந்து, அணைந்து, திரும்பப் பூக்கின்றன. ஆயிரக்கணக்கான சனம் நிமிர்ந்த கழுத்தோடு நிற்கிறது. புத்தகத்திலிருந்து ஒரு கதையை எடுத்து, ஊர் முழுவதும் தெருவில் நின்று பார்க்கும்படி கட்டி எழுப்பியிருக்கிறார்கள். நான் நேசிக்கிற அந்தக் கலை இங்கே வருடாவருடம் கயிற்றிலும் கம்பத்திலும் நடக்கிறது.

அத்தானுக்குச் சிங்களம் நன்றாக வரும். அங்கே வேலை செய்தவர் ஒருவரிடம் கேட்டு எங்களைப் பின்பக்கம் கூட்டிப்போனார். முன்னால் தேவலோகம், பின்னால் கமுகு மரங்களைக் கயிற்றால் கட்டிய சாரம். வயர்கள் சடைசடையாகத் தொங்கின. ஒரு மூலையில் அந்த இயந்திரம்: மரத்தாலான உருளை ஒன்று, அதன் மேல் செப்புத் தகடுகளை வடிவம் வடிவமாக வெட்டி அறைந்திருக்கிறார்கள். மோட்டர் உருளையைச் சுழற்றுகிறது. வரிசையாக நிற்கும் செப்பு நாக்குகள் தகட்டைத் தொடும்போது அந்த வரிசை விளக்கு எரிகிறது, தகடு இல்லாத இடத்தில் அணைகிறது. தொடும் இடமெல்லாம் நீலப் பொறி. எண்ணெயும் கருகலும் கலந்த மணம். முன்னால் சனம் பார்த்து மயங்கும் அந்தப் பூ விரியும் கோலம் முழுவதும் இந்த உருளையில் தகடாகக் கிடக்கிறது.

உருளைக்குப் பக்கத்தில் ஸ்டூலில் ஒருவர் இருந்தார், அறுபது வயதிருக்கும். இப்போது பல இடங்களில் கணினிதான் விளக்கை ஓட்டுகிறது, நீங்கள் ஏன் இன்னும் இதை வைத்திருக்கிறீர்கள் என்று அத்தான் மூலம் கேட்டேன். அவர் உருளையில் ஒரு தகட்டைத் தொட்டுக் காட்டினார். இது தன் தகப்பன் வெட்டியது என்றார். இந்த வட்டம் ஒருமுறை தப்பாகச் சுற்றியபோது, சனம் அதுதான் வடிவு என்று சொன்னதால் அப்படியே விட்டார்களாம். சொல்லும்போது அவருடைய கண் உருளையை விட்டு விலகவேயில்லை.

படப் பலகை ஒன்றைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். யானை ஒன்று, காடு, அரசன். கைக்கெட்டும் தூரத்தில் அது வெறும் தடித்த தூரிகைக் கோடுகள். யானையின் கண் ஒரு வெள்ளைப் புள்ளியும் ஒரு கறுப்பு வளைவும். இரண்டு எட்டுப் பின்னால் வந்தால் யானை பார்க்கிறது. விசர்ட் ஒவ் ஒஸ் படத்தில் தூரத்தே மின்னும் மரகத நகரமும் கையால் வரைந்த ஓவியம்தான். கமெரா எங்கே நிற்கும் என்று தெரிந்து வரைந்தார்கள். இங்கே சனம் எங்கே நிற்கும் என்று தெரிந்து வரைந்திருக்கிறார்கள். பாடசாலையில் நான் இத்தனை வருடமும் மேடைத் திரையை வகுப்பறையில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்து நுணுக்கி நுணுக்கி வரைந்திருக்கிறேன். இனி மைதானத்தில் விரித்து, கடைசி வாங்கில் இருக்கப்போகும் ஆச்சியின் தூரத்திலிருந்து பார்த்து வரையப்போகிறேன்.

பெறாமகன் உருளையைவிட்டு வர மறுத்தான். அவர் அவனுடைய கையைப் பிடித்துத் தள்ளி நிற்கச் சொன்னார், பிறகு ஒரு பழைய தகட்டுத் துண்டைக் கொடுத்தார். ஓரத்தில் கரி, நடுவில் தேய்ந்து கண்ணாடி மாதிரி. வீட்டுக்கு வரும்வரை அவன் கையை விரிக்கவில்லை.

ஏழாம் நாள், ரயில்

கோட்டை ஸ்டேசனில் சாக்குத் துணிச் சுருளை ஏற்றுவதற்கு அத்தான் உதவினார். கற்பலகைகளை யாழ்ப்பாணத்தில் வாங்கிக்கொள்ளலாம். ரயில் வெளிக்கிடுவதற்குக் கொஞ்சம் முந்தி பெறாமகன் யன்னலால் கையை நீட்டி, பலகைத் துண்டோடு பிடியைத் தந்தான். இரண்டு நாள் திருகலில் மினுக்கம் கொஞ்சம் மங்கியிருந்தது. நடுவில் ஒரு விரல் தடம்.

"காணாது சித்தி. ரயிலிலை பக்கத்திலை இருக்கிற ஆக்களுக்கும் குடுங்கோ."

ராகம தாண்டும்வரை மடியில் வைத்திருந்தேன். பக்கத்து இருக்கையில் வவுனியாவுக்குப் போகும் ஓர் அம்மா. அதையே பார்த்துக்கொண்டு வந்தார். கதையைச் சொன்னேன். வெற்றிலைச் சாயம் ஏறிய விரலால் பிடியைப் பிடித்து இடமும் வலமுமாகத் திருகிப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த தன் பேரனிடம் நீட்டினார்.

"இந்தா மோனை, நீயும் ஒருக்காத் திறந்து பார்."